கார்டை அப்படியே விட்டுவிட்டு பேஸை நகர்த்துங்கள்

பெங்களூரு அல்சூரில் வீட்டிலேயே எலக்ட்ரானிக் டிராக் செய்யும் தம்பிகள், எந்த கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) புரொகிரஷன், அதாவது கார்டுகளின் வரிசை, போடலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். புதுப்புது கார்டாகத் தேட வேண்டாம். ஏ மைனரை (ஏ, சி, இ) அப்படியே பிடித்துக்கொண்டு, பேஸை (அடியில் ஒலிக்கும் தாழ்ந்த ஸ்வரத்தை) மட்டும் ஏ-யிலிருந்து எஃப்-க்கு இறக்குங்கள். எஃப் மேஜர் செவன்த் வந்துவிடும்! மேலே ஒரு விரல்கூட நகரவில்லை, ஆனாலும் இறுக்கம் தளர்ந்துவிடுகிறது. அப்புறம் பேஸை டி-க்குக் கொண்டுபோங்கள், ஏக்கம் வரும். சுற்றிச் சுற்றி வரும் லூப்புக்கு இந்தச் சின்ன அசைவே எனக்குப் பிடிக்கும். பெரிய தாவல்கள் சீக்கிரம் அலுத்துவிடும்.

ஏ-யை ஸ-வாக வைத்தால், இதுவரை எல்லாம் நடபைரவி ராக ஸ்வரங்கள்தான். டிராப்புக்கு (பீட் முழு வீச்சில் வந்து இறங்கும் இடத்துக்கு) முந்தைய பாரில் (தாளச் சுற்றில்) மட்டும் இ மேஜர் வையுங்கள். அதிலுள்ள ஜி ஷார்ப், கீரவாணி ராகத்தின் காகலி நிஷாதம், அதாவது ஸ-வுக்குச் சற்றே கீழே நிற்கும் நி. ஏ மைனருக்குத் திரும்பியே ஆகவேண்டும் என்று காது தவிக்கும்.

செய்ததும் அனுப்புங்கள் தம்பிகளா, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்கிறேன்.