ஒரு சீர் குறைகிறது

ஆகஸ்ட் 4, திங்கள்

குறுந்தொகைக் கட்டுரை திரும்பி வந்தது. 20-க்கு 9. ஆறு பக்கத்தில் ஐயா கை வைத்த இடம் ஒன்றே ஒன்று. கடைசிப் பக்கத்தின் அடியில் பென்சிலால், "உரை நன்று. பாட்டு எங்கே?" சிவப்பு மையில் திட்டியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். பென்சிலாக இருப்பதால் அழித்துவிடத்தான் கை போகிறது.

திருத்தி எழுதித் தரலாமாம். 29-ஆம் தேதி கடைசி.

ஆகஸ்ட் 5

சிலப்பதிகாரம் 30 காதை, அதாவது 30 அத்தியாயம். புகாரில் 10, மதுரையில் 13, வஞ்சியில் 7. இன்று தொடங்கி நாளுக்கு ஒன்று என்றால் செப்டம்பர் 3-இல் முடியும். வகுப்பு ஏற்கெனவே மதுரைக்குள் நுழைந்துவிட்டது. அட்டவணைக்குக் கோடு போட்டு, கட்டம் கட்டி, வண்ணம் தீட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் ஒரு காதையைப் படித்திருக்கலாம் என்பது முடித்த பிறகுதான் உறைத்தது.

ஆகஸ்ட் 9

மூன்றாம் நாளாக அரங்கேற்று காதையிலேயே நிற்கிறேன். ஆடலாசிரியனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், இசையாசிரியனுக்கு என்ன, தண்ணுமைக்காரனுக்கு என்ன, குழலோனுக்கு என்ன, யாழாசிரியனுக்கு என்ன. பிறகு மேடை: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். ஒரு கோல் என்பது 24 விரல். ஆட்களைக் கொடுத்தால் நானே மேடையைக் கட்டிவிடுவேன் போலிருக்கிறது. மாதவிதான் இன்னும் ஆட வரவில்லை.

தேர்வில் இந்த அளவுகளைத்தான் கேட்பார்கள் என்கிறாள் அறைத்தோழி. அவள் முழுவதையும் முடித்து இரண்டு வாரம் ஆகிறது. அவளிடம் நான் எந்தச் சந்தேகமும் கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

ஆகஸ்ட் 10

அண்ணன் அழைக்கவில்லை.

ஆகஸ்ட் 12

சரி, கட்டுரை. குறுந்தொகையில் 6-ஆம் பாட்டும் 28-ஆம் பாட்டும். இரண்டிலும் ஊர் தூங்குகிறது, ஒருத்தி தூங்கவில்லை. ஔவையாரின் பெண் முட்டுவேனா, தாக்குவேனா, கூவுவேனா என்று கேட்கிறாள். பதுமனாரின் பெண் குரலையே உயர்த்துவதில்லை. முதல் முறை எழுதியபோது ஒன்று பாலை, ஒன்று நெய்தல் என்று திணை பிரித்தேன், யார் யாரிடம் எப்போது சொன்னது என்ற துறை சொன்னேன், இரண்டுக்கும் பொழிப்புரை எழுதினேன், "இவ்வாறு ஒப்புமையும் வேற்றுமையும் அமைகின்றன" என்று முடித்தேன். இப்போது படித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது. ஐயா ஆறு பக்கத்தையும் படித்திருக்கிறார், பாவம்.

இன்று பதுமனாரிடம் ஒரு சொல்லில் கால் இடறியது. "சொல்லவிந்து இனிதடங்கினரே மாக்கள்." அதென்ன இனிது? தான் ஒருத்தி இங்கே வெந்துகொண்டிருக்கும்போது தூங்குகிறவர்களுக்கு எதற்கு இனிது? பொறாமையா, கேலியா? என்னிடம் உள்ள உரை "இனிமையாக" என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது. நானும் முதல் கட்டுரையில் அப்படியே போயிருக்கிறேன்.

ஆகஸ்ட் 13

இனிது.

ஆகஸ்ட் 16

நூலகத்தில் எடுத்த உரைநூலில் எனக்கு முன் யாரோ அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் கோடு. முன்னுரையில் ஒரு வரி விடவில்லை. 41-ஆம் பக்கத்தோடு கோடுகள் நின்றுவிட்டன. அதற்கு மேல் தாள்கள் புதிதாக, ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருக்கின்றன. அந்த ஆள் தேர்வு எழுதினாரா என்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கானல்வரிக்கு வந்துவிட்டேன். கோவலன் பாடுகிறான், வேறொருத்தியை நினைத்துப் பாடுகிறான் என்று மாதவி எடுத்துக்கொள்கிறாள். தானும் வேறொருவனை நினைப்பவள் போலப் பாடுகிறாள். அவன் அதை மெய்யென்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். அவ்வளவு கதையும் ஒரு பாட்டைத் தவறாகப் படித்ததில் தொடங்குகிறது! இந்த இடத்தில் பழைய உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் என்ன சொல்கிறார் என்று ஆவலோடு புரட்டினால், கானல்வரிக்கு அவர் உரை கிடைக்கவில்லை. துணை வேண்டிய இடத்தில்தான் துணை இருக்காது.

ஆகஸ்ட் 19

இரவு இரண்டு மணி. ஒன்று கண்டுபிடித்தேன் என்று துள்ளினேன். பதுமனாரின் பாட்டு நான்கே அடி. எல்லா அடியிலும் நான்கு சீர், மூன்றாம் அடியில் மட்டும் மூன்று. "நனந்தலை உலகமும் துஞ்சும்." உலகமெல்லாம் தூங்குகிறது என்று சொல்லும் இடத்தில் ஒரு சீர் குறைகிறது, அந்த வெற்றிடம்தான் அவளுடைய தூக்கமின்மை என்று ஒரு பத்தி எழுதினேன். அழகான பத்தி. நானே இரண்டு முறை வாசித்துக் கேட்டேன்.

பிறகு நினைவு வந்தது. நேரிசை ஆசிரியப்பா என்றால் ஈற்றயலடி, கடைசிக்கு முந்தைய அடி, முச்சீராகத்தான் வரும். அது இலக்கணம். காதலைப் பாடினாலும் போரைப் பாடினாலும் அந்த இடத்தில் ஒரு சீர் குறையும். பத்தியை அடித்தேன். அடித்த பிறகும் அது அழகாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது.

அடுத்த அடி, "ஓர்யான் மன்ற துஞ்சாதேனே." அதில் "மன்ற" என்ற சொல்லையும் பார்த்தேன். அது தேற்றத்தைக் காட்டும் என்கிறது தொல்காப்பியம். உறுதியாக, ஐயமே இல்லாமல், நான் ஒருத்திதான் தூங்கவில்லை. ஊரில் வேறு எவரும் விழித்திருக்கவில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? வீடு வீடாகப் போய்ப் பார்த்தாளா? எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது இந்த நேரத்தில்.

துஞ்சுதல் என்றால் இறத்தலும்தான். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன். இதை இன்று யோசிக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 20

அண்ணன் அழைத்தான். வெள்ளிக்கிழமை தெரிந்துவிடுமாம். "இங்கே நான் இருக்கிறேன், நீ படி" என்றான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தெரியவில்லையாம். இன்னொரு பரிசோதனை.

ஒரு பக்கம்கூட ஓடவில்லை. நாடுகாண் காதையில் துறவி கவுந்தியடிகள், வழியில் கண்ணகியையும் கோவலனையும் பழித்த இருவரை முதுநரிகளாகும்படி சபித்துவிடுகிறார். இன்றைக்கு எனக்கும் அந்தச் சக்தி இருந்திருந்தால் விடுதியில் நரிகளுக்கு இடம் போதாது. பாவம் பார்த்துக் கண்ணகியும் கோவலனும் கேட்ட பிறகு, 12 மாதத்தில் பழைய உருவம் திரும்பும் என்று குறைத்துக்கொடுக்கிறார். 29-ஆம் தேதியைத் தள்ளிவைக்கும்படி ஐயாவிடம் கேட்க எனக்கு ஒரு கண்ணகி இல்லை.

ஆகஸ்ட் 24

வகுப்பு வஞ்சிக் காண்டத்துக்குப் போய்விட்டது. நான் இன்னும் மதுரைக்கு வெளியே நடந்துகொண்டிருக்கிறேன்.

உ.வே.சா. இதை 1892-இல் அச்சில் கொண்டுவந்தார். ஏட்டில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, ஏட்டுக்கு ஏடு பாடம் வேறு. எனக்குச் சீர் பிரித்து, சந்தி பிரித்து, அருஞ்சொற்பொருளும் போட்டுத் தந்திருக்கிறார்கள். இதை நினைத்தால் ஊக்கம் வர வேண்டும். வெட்கம்தான் வந்தது. வெட்கத்தில் நான்கு பக்கம் படித்தேன்.

ஆகஸ்ட் 26

நேற்று இரவு நடந்ததை எழுதிவைக்கிறேன். அறைத்தோழி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். மேசை விளக்கின் ஒளி அவள் தோள் வரைக்கும் போய் நின்றது. "தூங்கிவிட்டாயா?" என்றேன். பதில் இல்லை. அதனால் சொன்னேன். வீட்டில் நடப்பது, அண்ணன் சொல்லாமல் விடுவது, பரிசோதனை, எல்லாவற்றையும் அவள் முதுகிடம் சொன்னேன். விழித்திருக்கிறாள் என்று தெரிந்திருந்தால் ஒரு சொல் வந்திருக்காது. அவள் மூச்சு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. தூங்கட்டும் என்றுதான் இருந்தது.

அப்போதுதான் தட்டியது. துறைக் குறிப்பு, தலைவி தோழியிடம் சொன்னது என்கிறது. பாட்டோ "ஓர்யான்" என்கிறது. விழித்திருப்பது தலைவி ஒருத்திதான் என்றால் தோழியும் தூங்குகிறாள். பிறகு யாரிடம் சொல்கிறாள்? கேட்க ஒருவர் உண்டு என்று துறை சொல்கிறது, இல்லை என்று பாட்டு சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்த "இனிது" கிடக்கிறது. தூங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டே, அவர்களை எழுப்பாமல் பேசுகிறவளின் சொல் அது. ஔவையாரின் பெண் ஊரையே எழுப்பிவிட நினைக்கிறாள். இவள் நினைக்கவில்லை.

காலையில் எழுந்தபோது மேசை விளக்கு என் பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. நான் திருப்பவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 28

திணை, துறை விளக்கம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஆறு பக்கம் மூன்றரை ஆகிவிட்டது. பயமாக இருக்கிறது. பக்கம் குறைந்தால் மதிப்பெண் குறையும் என்று பள்ளியிலிருந்தே ஊறிய பயம்.

ஆகஸ்ட் 29

கொடுத்துவிட்டேன். ஐயா தாள்களை எண்ணிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான் ஐயா."

செப்டம்பர் 1

அடுத்த அசைன்மென்ட்: கானல்வரி. 26-ஆம் தேதிக்குள். அட்டவணையைக் கிழித்துப் போட்டேன்.

செப்டம்பர் 3

அட்டவணைப்படி இன்று 30-ஆவது காதை. நான் இருப்பது 15-இல்.

அண்ணன் அழைக்கவில்லை.

செப்டம்பர் 5

கொலைக்களக் காதை. தலைப்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது, இருந்தும் திறந்தேன். கண்ணகி சமைத்துவிட்டாள். வாழையின் குருத்தை விரித்துவிட்டாள். கோவலன் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான்.

புத்தகத்தை இந்தப் பக்கத்திலேயே மூடிவைக்கிறேன். மீதியை நாளைக் காலை