ஓசூர் கம்பெனி இண்டர்வியூவில் நான் கேட்ட கேள்விகள்

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் டிப்ளமோ, ஐடிஐ முடித்தவர்களுக்கு வேலையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஓசூரில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பழைய ஆலைகள் இருக்கின்றன. இப்போது போச்சம்பள்ளி பக்கம் ஓலா, ஓசூரைத் தாண்டி டாடா எலக்ட்ரானிக்ஸ் என்று புதியவையும் வந்துவிட்டன. இவற்றுக்கெல்லாம் பார்ட்ஸ் செய்து கொடுக்கும் கம்பெனிகள் சிப்காட் முழுக்க உண்டு. வேலை கிடைக்கும். யார் பெயரில் கிடைக்கிறது என்பதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

எங்கள் தெரு அக்கா ஒருவர் ஒரே கம்பெனியில் ஒரே மெஷினில் ஆறு வருஷத்துக்கு மேல் நின்றவர். வேலையை விட்ட பிறகு பிஎஃப் பணம் எடுக்க அவருடைய பாஸ்புக்கை என் போனில் திறந்து பார்த்தோம். அதில் மூன்று கம்பெனிகளின் பெயர் இருந்தது. தினமும் அவர் நுழைந்த கேட்டில் எழுதியிருக்கும் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. காண்ட்ராக்டர் மாற மாற, இவரை ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒரே கம்பெனியின் கணக்கில் ஐந்து வருஷம் முடித்தால், வேலையை விடும்போது கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடை உண்டு. அக்கா போய்க் கேட்டபோது, எங்களிடம் அவ்வளவு வருஷம் இல்லையே என்று ஒவ்வொருவரும் கைவிரித்துவிட்டார்கள்.

எனக்கு டிப்ளமோ மெக்கானிக்கல், கொஞ்ச காலம் குவாலிட்டி செக்கிங் அனுபவம். வேறு கம்பெனிக்கு மாற நினைத்தபோது அந்த பாஸ்புக்தான் மனதில் இருந்தது. இண்டர்வியூ முடியும் நேரத்தில் "நீங்க ஏதாவது கேக்கணுமாம்மா?" என்பார்கள். பக்கத்தில் காத்திருந்த பிள்ளைகள் எல்லாம் "இல்ல சார், தேங்க்ஸ் சார்" என்று எழுந்து வந்ததைப் பார்த்தேன். கேட்டால் திமிர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் தேவையில்லாதது. மரியாதையாகக் கேட்டால் முகம் சுளிக்கிறவர்கள் குறைவு.

யார் கணக்கில் வேலை செய்கிற ஆள் என்பதைத்தான் ரோல் என்பார்கள். நான் முதலில் கேட்டது இதுதான்: "சார், நான் கம்பெனி ரோலா, காண்ட்ராக்ட் ரோலா? அப்பாயின்மென்ட் ஆர்டர் யார் லெட்டர்ஹெட்ல வரும்?"

ஒரு கம்பெனியில் ஹெச்ஆர் சார், "அதெல்லாம் சேர்ந்தப்புறம் பாத்துக்கலாம்மா, முதல்ல ஜாயின் பண்ணுங்க" என்றார். இன்னொரு முறை கேட்டும் அதே பதில். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்னொரு கம்பெனியில் இருந்த மேடம், "முதல் ஆறு மாசம் ட்ரெய்னி, எங்க ரோல்தான், பிஎஃப் முதல் மாசத்துல இருந்தே பிடிப்போம்" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ட்ரெய்னி என்ற சொல்லையும் துருவிக் கேட்க வேண்டும். அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ் எடுத்தால் அது பயிற்சிதான். உதவித்தொகை மட்டும் வரும், பிஎஃப் கிடையாது, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்கும் கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு அது நல்ல வழி. வேலை கிடைத்துவிட்டது என்று நம்பி வீட்டில் கடன் வாங்கிவிடக் கூடாது.

அடுத்தது சம்பளம். ஒரு ஆளுக்குக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவைத்தான் சிடிசி என்பார்கள். "சிடிசி எவ்வளவு" என்று கேட்டு நிறுத்தாமல், "கைக்கு எவ்வளவு சார் வரும்?" என்று கேட்டேன். அந்த மேடம் ஒரு தாளில் எழுதியே காட்டினார். பேசிக் 12,000, மற்ற அலவன்ஸ் 5,000, மொத்தம் 17,000. என் பங்கு பிஎஃப் பேசிக்கில் 12 சதவீதம், 1,440 ரூபாய். இஎஸ்ஐ 0.75 சதவீதம், 128 ரூபாய். கைக்கு வருவது 15,432. கம்பெனி கட்டும் பிஎஃப், இஎஸ்ஐ, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது எல்லாவற்றையும் கூட்டி 19,570 என்பதுதான் சிடிசி. இரண்டுக்கும் நடுவே நாலாயிரத்துக்கு மேல் வித்தியாசம். கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் பிடித்தம் உண்டா என்று கேட்டதில், கேன்டீனுக்கு மட்டும் உண்டு என்று தெரிந்தது. ஓவர்டைம் இருந்தால் இரட்டைச் சம்பளம் என்பது சட்டம். அதையும் அப்படியே தருவோம் என்றார்.

வேலையைப் பற்றி ஹெச்ஆரிடம் கேட்டுப் பயனில்லை. அதே அறையில் லைன் இன்சார்ஜ் சார் உட்கார்ந்திருந்தார். "இந்த இடத்துல முன்னாடி யார் சார் இருந்தாங்க, ஏன் போனாங்க?" என்று அவரிடம் கேட்டேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "கல்யாணம் ஆகி சேலம் போயிட்டாங்க. ஆனா அதுக்கு முன்னாடி இருந்தவங்க நைட் ஷிப்ட் முடியலன்னுதான் போனாங்க" என்றார். இப்படி உள்ளதைச் சொல்கிற ஆளின் கீழ் வேலை செய்யலாம் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு அளவு பார்க்கும் கேஜ் பிடிக்க, டிராயிங் படிக்க யார் சொல்லித் தருவார்கள் என்றும் கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பிறகு அவர் பேச்சிலேயே ஒரு நெருக்கம் வந்தது.

இத்தனை காலம் வேலையை விடக் கூடாது என்று பாண்ட் உண்டா, விடுவதாக இருந்தால் நோட்டீஸ் எத்தனை நாள், ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வீர்களா என்பதையும் விடாதீர்கள். சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுப்பதுதான் முறை. பேசியதெல்லாம் சரியாக இருந்தால், "மேடம், இப்ப சொன்னது ஆர்டர்லயும் இருக்குமா?" என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள். நான் கேட்டேன். ரோல், சம்பளப் பிரிவு, ட்ரெய்னிங் காலம் மூன்றும் ஆர்டரில் அப்படியே இருந்தன. படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

பஸ் மட்டும் நினைத்தபடி அமையவில்லை. செகண்ட் ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ் கிருஷ்ணகிரியோடு நின்றுவிடும் என்று இண்டர்வியூவிலேயே சொல்லிவிட்டார்கள். தெரிந்தேதான் சேர்ந்தேன். அந்த வாரங்களில் அண்ணன் பைக் எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு வருகிறார். காவேரிப்பட்டணத்திலிருந்து வேலைக்கு வரும் பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்து, பஸ்ஸை எங்கள் ஊர் வரை நீட்டச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆள் எண்ணிக்கை கேட்டிருக்கிறார்கள்.