போத்தல் பாலும் முட்டு வருத்தமும்

பிள்ளைக்கு முட்டு, அதாவது ஆஸ்துமா, வந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் விசாரிக்கப்படுபவள் தாய்தான். உப்புவெளியில் இருக்கும் என் தங்கையின் மூத்தவனுக்கு ஐந்து வயதில் இழுப்புத் தொடங்கியபோது, "மூண்டாம் மாசமே போத்தலைப் பழக்கினாய், இப்ப பார்" என்று அவளுடைய மாமியார் எல்லோருக்கும் முன்பாகச் சொன்னார். தாய்ப்பாலின் பெருமையை நானும் மறுக்கவில்லை. அதன் பெயரால் நிரூபிக்கப்படாத குற்றங்களைத் தாய்மாரின் தலையில் கட்டுவதையே மறுக்கிறேன்.

ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் வீட்டுச் சாப்பாட்டோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதையே, நம்முடைய குடும்பநல உத்தியோகத்தரும் வீடு தேடி வந்து சொல்கிறார். அதற்கு உறுதியான காரணம் உண்டு. சீம்பாலில் நிறைந்திருக்கும் பிறபொருளெதிரிகள் குழந்தையின் குடலுக்குக் காவலாக நிற்பதால், வயிற்றோட்டமும் காதில் சீழ் வைப்பதும் குறைகின்றன. போத்தலின் ஆபத்தோ கண்ணுக்கே தெரியும்: சூப்பியின் உள்மடிப்பில், தூரிகை எட்டாத இடத்தில், மஞ்சளாகப் படிந்திருக்கும் பாலை விரலால் வழித்துப் பார்த்தவர்களுக்கு, திருகோணமலையின் சித்திரை வெயிலில் காலையில் கரைத்த பால்மா மதியத்துக்குள் என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பால்மா கொடுத்தே ஆகவேண்டிய தாய்க்கு, கழுவ இலகுவான கோப்பையும் கரண்டியும் எவ்வளவோ மேல்.

ஆனால் முட்டு வேறு கதை. பெலரூஸ் நாட்டில் 17,000க்கும் மேற்பட்ட தாய்மாரையும் சேய்களையும் வைத்து நடந்த ஆய்வில், சில மருத்துவமனைகள் எழுமாறாகத் தெரிவுசெய்யப்பட்டு, அங்கே மட்டும் தாய்ப்பாலூட்டலுக்குச் சிறப்பு ஊக்கம் அளிக்கப்பட்டது. 2001இல் வெளிவந்த முடிவுகளின்படி, முதல் ஆண்டில் மற்ற மருத்துவமனைகளின் பிள்ளைகளில் 13.2 வீதமாக இருந்த குடல் தொற்று, அங்கே 9.1 வீதமாகக் குறைந்திருந்தது. கரப்பானும் ஏறத்தாழப் பாதியாகியிருந்தது. அதே பிள்ளைகளை ஆறரை வயதில் மீண்டும் பரிசோதித்தபோதோ, ஆஸ்துமாவில் அப்படியான குறைவு எதுவும் காணப்படவில்லை. நீண்டகாலம் தாய்ப்பாலூட்டும் தாய்மார் படிப்பிலும் வசதியிலும் பெரும்பாலும் வேறுபட்டிருப்பதால், வெறும் கணக்கெடுப்புகளில் பாலின் பலன் எது, வீட்டின் பலன் எது என்று பிரித்தறிவது கடினம். இதை விளங்கிக்கொள்ளாமல் சுவரொட்டிகளில் எல்லா நோய்களையும் அடுக்குவது, என் பார்வையில், நல்ல செய்தியையே கெடுக்கும்.

ஆறு மாதத்துக்குப் பின் எதைக் கொடுக்கிறோம் என்பது இதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. ஒவ்வாமைக்குப் பயந்து கச்சானைத் தள்ளிவைப்பதே நல்லது என்றுதான் முன்பு சொன்னார்கள்; பிரித்தானியாவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, ஒவ்வாமை அபாயம் கூடிய பிள்ளைகளுக்கு முதல் ஆண்டிலேயே கச்சான் கொடுத்து வந்தபோது ஐந்து வயதில் கச்சான் ஒவ்வாமை பெருமளவு குறைந்ததைக் காட்டியது. கடுமையான கரப்பான் உள்ள பிள்ளைக்கு வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும். மற்றவர்களுக்கும் முழுப் பருப்பாக அல்ல, தொண்டையில் அடைக்காதபடி மையாக அரைத்துத்தான்.

பிள்ளையின் முட்டுக்காகப் புகையைக் குறைக்கவென்று, தங்கையின் வீட்டில் இப்போது நுளம்புத்திரிக்குப் பதிலாக வலை கட்டியிருக்கிறார்கள். மச்சான் சிகரெட்டை வாசலுக்கு வெளியே கொண்டுபோய்விட்டார். அதை முழுவதுமாக விடும்படி மாமியாரே இப்போது அவரை ஏசுகிறார்.