2004 ஜிப்ஸி: மாத்தினதும், மாத்தினதை திரும்ப மாத்தினதும்

என் மாருதி ஜிப்ஸில (ஃபோர் வீல் டிரைவ் வண்டி) என்னென்ன மாத்தினேன்னு ரொம்ப பேர் கேட்டாச்சு, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு ஒரே தடவையா எழுதி வச்சிடலாம்னு உக்காந்திருக்கேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

நமக்கு ஊரு போடி. ஏலக்காய் யாவாரம், சாந்தன்பாறை பக்கம் கொஞ்சம் தோட்டமும் உண்டு. போடிமெட்டு ஏறி பூப்பாறை வரைக்கும் ரோடு பிரச்சனை இல்ல, அங்கேர்ந்து தோட்டத்துக்கு திரும்புற கடைசி நாலு கிலோமீட்டர் இருக்கு பாருங்க, அது கோடைல கல்லு, மழைல ஓடை. எங்க ஊர்ல இதுக்குன்னே ஜீப்புங்க இருக்கு, விடியிறதுக்கு முன்னாடி ஆள் ஏத்திக்கிட்டு வரிசையா மலை ஏறும். நானும் மஹிந்திரா ஜீப்தான் வாங்கியிருக்கணும், அப்பா தலைதலையா அடிச்சுக்கிட்டார். ஆனா சின்ன வயசுலேர்ந்து போலீஸ் ஜிப்ஸி, ஃபாரஸ்ட் ஜிப்ஸின்னு பாத்து பாத்து ஒரு கிறுக்கு. 2016ல கோயம்புத்தூர்ல ஒருத்தர்கிட்ட 2004 மாடல் ஜிப்ஸி கிங் சாஃப்ட் டாப் 1,65,000க்கு முடிச்சேன். 1300 சிசி பெட்ரோல் இன்ஜின், 80 குதிரைசக்தி, எடை ஒரு டன்னுக்கும் கீழ. ஸ்டாண்டுல ஜீப் ஓட்டுற அண்ணன் ஒருத்தர் சுத்தி வந்து பாத்துட்டு "பெட்ரோலா? தோட்டத்துல விளையிறதெல்லாம் இதுக்கே சரியா போயிரும்"னு சொல்லிட்டு டீ குடிக்க போயிட்டார்.

வாங்கும்போதே முதல் தப்பு. வண்டி மிலிட்டரி பச்சைல இருந்துச்சு, அதுல மயங்கித்தான் வாங்கினேன்னு வைங்க. ஊருக்கு கொண்டாந்து நிறுத்தினதும் ஒர்க்‌ஷாப் அண்ணன் கேட்ட முதல் கேள்வியே "ஏன் தம்பி, இந்த கலர் மிலிட்டரிக்காரன் மட்டும்தான அடிக்கணும்?" அப்புறம் விசாரிச்சா ஆமா, மத்திய மோட்டார் வாகன விதி 121லயே இருக்கு, ராணுவ வண்டி தவிர வேற எதுக்கும் அந்த ஆலிவ் பச்சை கூடாது. ஆர்.சி. புக்குல வெள்ளைன்னு போட்டிருக்கு, நான் கவனிக்கவே இல்ல. சரி பெயின்ட்டை சுரண்டுவோம்னு ஆரம்பிச்சா உள்ள பூரா பட்டி, துருவையும் ஓட்டையையும் மறைக்க பூசுற பூச்சு. காந்தத்தை கொண்டுபோய் வச்சா ஒட்டல, கீழ விழுது. பின்சீட்டுக்கு அடில அண்ணன் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வச்சு லேசா அழுத்தினார், பிஸ்கட்ல குத்தின மாதிரி உள்ள போயிடுச்சு, ஓட்டை வழியா தரை தெரியுது. டிங்கரிங், வெல்டிங், பெயின்ட் எல்லாம் சேத்து 48,000. ஆஃப் ரோடுக்குன்னு ஒரு போல்ட்டு கூட மாட்டல, அதுக்குள்ள 48,000.

அதே நேரத்துல ஆக்சில் (சக்கரங்களை இணைக்கிற அச்சு) ஆயில் இறக்கினா காபி கலர்ல வருது, தண்ணி கலந்திருக்கு. முன் சக்கரத்துக்கு பின்னாடி உருண்டையா ஒண்ணு இருக்கும்ல, அந்த நக்கிள்ல சீல் போயி ஆயில் கசிஞ்சு வீல் உள்பக்கம் பூரா கரி. அண்ணன் சொன்னார், "இந்த வருஷம் இதை மட்டும் பாரு தம்பி. சீலு, பேரிங், டை ராடு, புஷ்ஷு, பிரேக்கு. மத்த அலங்காரமெல்லாம் அடுத்த வருஷம்". நான் ஆயில் மாத்திட்டு பிரேக் மட்டும் பாத்தேன். மிச்ச காசுக்கு டயர் வாங்கிட்டேன். ஆசை யாரை விட்டுச்சு.

டயர் கதையை கொஞ்சம் விலாவாரியா சொல்லணும், நிறைய பேர் இதுலதான் காசை கொட்டுறாங்க. கம்பெனி சைஸ் 205/70 ஆர்15, விட்டம் கணக்கு போட்டா 668 மி.மீ. நான் போட்டது 235/75 ஆர்15 மட் டெரைன் (சேத்துக்குன்னே வர்ற டயர்), 733 மி.மீ. கிட்ட. வண்டி 3 செ.மீ. சொச்சம் உயரும், பாக்க சிங்கம் மாதிரி இருக்கும். ஆனா சக்கரம் பத்து சதவீதம் பெருசாச்சுன்னா எல்லா கியரும் பத்து சதவீதம் சோம்பேறி ஆயிடும், இதை எந்த டயர் கடைக்காரரும் சொல்ல மாட்டார். போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுல முன்னாடி செகண்ட்ல ஏறின வண்டி இப்ப ஃபர்ஸ்ட் கேக்குது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டினா நிஜத்துல 66 போகுது. மைலேஜ் 11லேர்ந்து 8. பிரேக் மிதிச்சா நிக்கிறதுக்கு யோசிக்குது. ஜிப்ஸிக்கு லோ ரேஞ்சே (மெதுவா, கூடுதல் இழுவையோட ஏறுறதுக்கான கியர்) பெருசா லோ கிடையாது, அதையும் டயர் தின்னுடுச்சு, கல்லுமேல மெதுவா ஏறணும்னா கிளட்ச்சை பாதி மிதிச்சு தேய்ச்சுத்தான் ஏறணும். எட்டு மாசத்துல கிளட்ச் பிளேட்டு காலி. மழைல தார் ரோட்டுல அந்த டயர் வழுக்குறது இருக்கே, அது தனி சுகம், வேண்டாம்.

இதுல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா டயர் ஷேக்கிள் (பிளேட் ஸ்பிரிங்கோட முனையை சேஸிஸ்ல மாட்டுற இரும்புத் துண்டு) பக்கமா உரசுது. அதுக்கு என்ன வழி, வண்டியை தூக்கு. ரெண்டு இன்ச் நீள ஷேக்கிள் வாங்கி மாட்டினேன் (ரெண்டு இன்ச் ஷேக்கிளுக்கு ஒரு இன்ச்தான் தூக்கும், அதுவும் மாட்டின பிறகுதான் தெரிஞ்சுது). மாட்டிட்டு தேனி ரோட்டுல எடுத்தா 60ஐ தாண்டினதும் ஒரு சின்ன பள்ளம், அவ்வளவுதான், ஸ்டியரிங் ரெண்டு பக்கமும் சாமி வந்த மாதிரி ஆட ஆரம்பிச்சுடுச்சு. கைல பிடிச்சா கை ஆடுது, பக்கத்துல மச்சான் "நிறுத்து நிறுத்து"ன்னு கத்துறான், பிரேக் மிதிச்சு 30க்கு வந்தபிறகுதான் நின்னுச்சு. இறங்கி ரோட்டோரமா ரெண்டு பேரும் ஒரு பத்து நிமிஷம் பேசிக்கவே இல்ல.

ஏன்னு அண்ணன்தான் தரைல சாக்பீஸ்ல படம் போட்டு காட்டினார். ஜிப்ஸில முன்பக்க ஸ்பிரிங்குக்கு ஷேக்கிள் முன் முனைல இருக்கு. அதை நீளமாக்கினா ஸ்பிரிங்கோட முன் முனை கீழ இறங்கும், அதுல உக்காந்திருக்கிற ஆக்சிலும் சேந்து முன்னாடி குனியும். சக்கரம் நேரா ஓடுறதுக்கு கம்பெனி ஒரு சாய்வு குடுத்திருப்பான், காஸ்டர்னு பேரு, சைக்கிள் ஃபோர்க் சாஞ்சு இருக்கிற மாதிரி. அது குறைஞ்சு போச்சு. ஏற்கனவே நக்கிள்ல பேரிங் லூஸு, டை ராடு எண்டு லூஸு, இதுமேல கனமான டயர். "நான் போன வருஷம் சொன்ன லிஸ்டு என்னாச்சு?"ன்னு கேட்டார், நான் சாக்பீஸ் படத்தையே பாத்துக்கிட்டு நின்னேன்.

அந்த லிஸ்டை முழுசா செஞ்சது 2017 கடைசில. நக்கிள் ரெண்டும் பிரிச்சு பேரிங், சீல், ஃபெல்ட், டை ராடு எண்டு நாலு, ஸ்பிரிங் புஷ்ஷு பூரா. நீள ஷேக்கிளை கழட்டி கடாசிட்டு, ஸ்பிரிங் பட்டறைல பிளேட்டை கழட்டி குடுத்து பழையபடி வளைவு ஏத்தி, பின்னாடி மட்டும் ஒரு பிளேட்டு சேத்தோம். பதிமூணு வருஷத்துல படுத்துப்போன பிளேட்டு எழுந்ததுலயே முக்கால் இன்ச் கிடைச்சுது. ஆட்டம் சுத்தமா நின்னுச்சு. பிளேட்டு உயர்ந்த உடனே பிரேக் ஹோஸ் நீளம் பத்துமான்னு சக்கரத்தை தொங்க விட்டு அண்ணன் பாக்க சொன்னார், நல்ல வேளை பாத்தோம், முன்னாடி ஒண்ணு வீணை கம்பி மாதிரி நின்னுச்சு.

2018 ஜூன்ல தோட்டத்துக்கு போற வழில மாட்டினதை சொல்லாம விட முடியாது. ரெண்டு நாள் விடாத மழை. செம்மண்ணு குழைஞ்சு சோப்பு மாதிரி. ஃபோர் வீல் போட்டாச்சு, லோ போட்டாச்சு, முன்னாடி ஒரு சக்கரம் பின்னாடி ஒரு சக்கரம் சும்மா சுத்துது, மத்த ரெண்டும் வேடிக்கை பாக்குது. நான் மிதிக்க மிதிக்க டயர் இடுக்குல மண்ணு அப்பி மொழுமொழுன்னு பன்னு மாதிரி ஆயிடுச்சு, ஆக்சில் தரைல உக்காந்துடுச்சு. பின்னாடியே ஆள் ஏத்திக்கிட்டு ஒரு ஜீப் வந்துச்சு, பின் சக்கரம் ரெண்டுலயும் இரும்பு சங்கிலி சுத்தியிருக்கு, அது பாட்டுக்கு ஏறி என்னை தாண்டி நின்னுச்சு. கயிறு போட்டு இழுக்கலாம்னு நான்தான் முந்திரிக்கொட்டையா என் புல் பார்ல (வண்டி மூக்குல மாட்டுற இரும்புக் கம்பி) கட்டினேன். ஜீப் ஒரு வெட்டு இழுத்துச்சு. படார்னு ஒரு சத்தம், புல் பார் தனியா ஜீப் பின்னாடி சறுக்கிக்கிட்டு போகுது, நானும் ஜிப்ஸியும் அங்கேயே இருக்கோம். ஜீப்ல இருந்த அக்காமாருங்க சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. யார் கால்லயும் படாதது தெய்வாதீனம்.

டிரைவர் இறங்கி வந்து வண்டியை பாத்தார், டயரை ஒரு உதை விட்டார். "எவ்ளோ காத்து வச்சிருக்கீங்க?" முப்பதுன்னேன். "பாதியா இறக்குங்கண்ணே." ஒரு குச்சியை வச்சு நாலு டயர்லயும் அவரே இறக்கினார், ஒரு 15, 16 இருக்கும். டயர் அடில பரந்து உக்காந்துச்சு. முன்னாடி கிடந்த ரெண்டு காஞ்ச கட்டையை சக்கரத்துக்கு அடில தள்ளி, செகண்ட்ல போட்டு மெதுவா விட சொன்னார். ஏறிடுச்சு! அவ்வளவு செலவு பண்ணி நான் வாங்காத ஒண்ணை அவர் ஒரு குச்சில வாங்கி குடுத்துட்டு, வாடகைக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டார். மறுநாளே ஒரு கேஜும், 12 வோல்ட் கம்ப்ரஸரும் வாங்கினேன், ரெண்டும் சேத்து 3,500. நான் வாங்கினதுலயே உருப்படியான சாமான் அதுதான்.

புல் பாரை திரும்ப மாட்டல. 2017 டிசம்பர்லயே மத்திய அரசு அதை கூடாதுன்னு சொல்லியாச்சு. அதுக்கு பதிலா சேஸிஸ்லயே துளை போட்டு, முன்னாடி ரெண்டு பின்னாடி ஒண்ணு கொக்கி, 10.9 கிரேடு போல்ட்டு. வின்ச் (மாட்டின வண்டியை கயிறு சுத்தி இழுக்கிற மோட்டார்) ஆசை வந்துச்சு, விலையை பாத்து போயிடுச்சு.

இன்னொரு சின்ன விஷயம். ஆக்சில் ஆயில் மறுபடியும் காபி கலர் ஆச்சு, புது சீல் போட்டும். காரணம் பிரீதர், ஆக்சிலுக்குள்ள காத்து போய் வர்றதுக்கு இருக்கிற சின்ன துவாரம். ஓடி ஓடி சூடான ஆக்சிலை ஓடைத் தண்ணில இறக்கினா உள்ள இருக்கிற காத்து பட்டுனு சுருங்கும், சுருங்கினா எங்கேர்ந்தாவது உறிஞ்சும், பிரீதர் மூடி தண்ணிக்குள்ள இருந்தா தண்ணியைத்தான் உறிஞ்சும். ரெண்டு ஆக்சிலுக்கும் ஹோஸ் மாட்டி பானெட் உயரத்துக்கு கொண்டுபோய் விட்டாச்சு, செலவு 400 ரூபா கூட வரல. ஸ்னார்க்கல்னு (இன்ஜினுக்கு மேலேர்ந்து காத்து எடுக்கிற குழாய்) 9,000 ரூபாக்கு ஒண்ணு பாத்து வச்சிருந்தேன், அது இன்னிக்கு வரைக்கும் வாங்கல. பானெட் முங்குற தண்ணில இறங்குற உத்தேசமும் இல்ல.

2019ல பதினஞ்சு வருஷம் முடிஞ்சு ஆர்.சி. புதுப்பிக்கணும். அந்த ஜனவரிலதான் சுப்ரீம் கோர்ட் கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக்கூடாதுன்னு தீர்ப்பு சொல்லியிருந்துச்சு. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி 235 டயரோட போய் நிக்க தைரியம் இல்ல. நல்ல காலம் பழைய வீலு டயரெல்லாம் குடோன்ல ஏலக்காய் மூட்டைக்கு பின்னாடி கிடந்துச்சு. அதை மாட்டி ஓட்டிக்கிட்டு போனேன் பாருங்க, வண்டி என்னமா ஓடுது! கியர் சொன்ன பேச்சு கேக்குது, ஸ்டியரிங் லேசா இருக்கு. வரும்போதே முடிவு பண்ணிட்டேன். 235 செட்டை மதுரைல ஒருத்தருக்கு வித்துட்டு 215/75 ஆர்15 ஆல் டெரைன் (தார் ரோடு, மண் ரோடு ரெண்டுக்கும் ஆகுற டயர்) போட்டேன். 703 மி.மீ., கம்பெனியோடதைவிட அஞ்சு சதவீதம் சொச்சம்தான் அதிகம், உரசல் இல்ல, மைலேஜ் 10க்கு திரும்பிடுச்சு. சட்டப்படி பாத்தா இதுவும் கம்பெனி சைஸ் இல்லதான், மறைக்கல. 2024ல ரெண்டாவது தடவை புதுப்பிக்கும்போதும் பழைய செட்டை மாட்டித்தான் போனேன், 2022லேர்ந்து அந்த ஃபீஸ் 600லேர்ந்து 5,000 ஆயிடுச்சு, அது போக பசுமை வரி தனி.

2022 செப்டம்பர்ல மச்சானும் நானும் இமாச்சல்ல இருக்கிற ஸ்பிடி பள்ளத்தாக்குக்கு போனோம். போடிலேர்ந்து மணாலிக்கு 75 ஸ்பீடுல ஜிப்ஸில போறது புத்தியுள்ளவன் செய்ற காரியமில்ல, முதுகு ரெண்டு வாரம் பேசல. வண்டி மேல சாமான் ஏத்துற ராக், ராக்ல டென்ட், ரெண்டு ஜெர்ரி கேன் பெட்ரோல்னு ஏத்திக்கிட்டு போனோம். அடல் டனல் தாண்டி கிராம்ஃபூ பக்கம் திரும்பினா பட்டால் வரைக்கும் ரோடுன்னு சொல்றது ஆத்துப் படுகைதான், கல்லு, கல்லுக்கு நடுவுல பனி உருகி ஓடுற ஓடை. காலைல முழங்காலுக்கு கீழ இருக்கிற தண்ணி மத்தியானம் வெயில்ல பனி உருகி இடுப்புக்கு வந்துடும், அதனால எல்லாரும் விடியக்காலைலயே தாண்டிடுறாங்க. குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல, இன்ஜினுக்கு மூச்சு வாங்குது, எங்களுக்கும்தான். ஆனா 215 டயரும் 18 காத்தும் போதும், ஒரு இடத்துல கூட யாரையும் கயிறு கேக்கல. கஷ்டப்படுத்தினது மேல இருந்த ராக். ஒவ்வொரு கல்லுலயும் வண்டி தலை கனத்து சாயுது, சத்ரூ தாண்டி ராக் போல்ட்டு ரெண்டு அறுந்து டென்ட் தொங்குது. மணாலிலேர்ந்து காசா (ஸ்பிடில இருக்கிற ஊர்) 200 கிலோமீட்டர், டேங்க் 40 லிட்டர், காசாலயே பங்க் இருக்கு. ஜெர்ரி கேனை எதுக்கு தூக்கினோம்னு ரெண்டு பேருக்கும் தெரியல, யூடியூப்ல எல்லாரும் தூக்குறாங்க. வந்ததும் ராக்கை கழட்டி மொட்டை மாடில போட்டேன், அம்மா அதுல வத்தல் காயப்போடுறாங்க.

இதுவரைக்கும் வண்டி விலை போக 2,90,000 சொச்சம், நோட்டுல எழுதி வச்சிருக்கேன். அதுல 1,10,000 கிட்ட மாட்டி கழட்டினதுக்கு. இப்ப இடது பக்க நக்கிள் சீல் மறுபடி கசியுது, போன வாரம் வாசல்ல வட்டமா எண்ணெய் கறை, அப்பா கோலம்னு கிண்டல் பண்றார். ஒரிஜினல் சீல் இப்பல்லாம் லேசுல கிடைக்கிறதில்ல, கோயம்புத்தூர்ல சொல்லி வச்சிருக்கு, செவ்வாய்க்கிழமை பஸ்ல போட்டு விடறேன்னு சொல்லியிருக்காங்க.