பத்து மணிக்குள்

ஆகஸ்ட் 15, வியாழன்

சிங்கப்பூர் ஹேவ்லாக் ஸ்குவேரில் இளையர் நீதிமன்றம். வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. நீதிபதியோடு ஆலோசகர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் சின்ன மகனுக்கு 15 வயது. (பெயர் போடமாட்டேன். போடவும் கூடாது, சட்டம் அப்படி.) கடையில் திருட்டு, இரண்டாவது முறை.

தீர்ப்பு நன்னடத்தைக் கண்காணிப்பு: அடைத்து வைக்காமல் வெளியே விட்டு, ஓர் அதிகாரி கண்காணிப்பார். அது 6 மாதத்திலிருந்து 3 ஆண்டுவரை போகலாம். இவனுக்கு 18 மாதம். இரவு 10 முதல் காலை 6 வரை வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. 60 மணி நேரம் சமூக சேவை. அப்புறம் எனக்கும் ஒரு தாள் வந்தது: 5,000 வெள்ளிக்குப் பிணைப்பத்திரம். இப்போது கட்ட வேண்டாம், அவன் தவறினால் அந்தப் பணம் கைவிட்டுப் போகலாம். தண்டனை யாருக்கு என்று நினைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

“பாய்ஸ் ஹோமுக்கு அனுப்பாம வீட்டுக்கே விட்டுட்டாங்களே, சந்தோஷப்படு” என்றார் மாமியார். சரி, விட்டார்கள். காவலுக்கு என்னை வைத்துவிட்டுத்தான் விட்டார்கள்.

செப்டம்பர் 21

முதல் சமூக சேவை. முதியோர் இல்லத்தில் தரை துடைத்தானாம். ஒரு தாத்தா இவனிடம் நாலு தடவை பெயர் கேட்டாராம். சொல்லிச் சிரித்தான்.

அக்டோபர் 30

நாளை தீபாவளி. தேக்காவில் கூட்டம் நெரிந்தது. 8.40க்கே அவனைக் கிளப்பினேன். சிராங்கூன் ரோடு விளக்குகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். கூட்டாளிகள் விடிய விடிய அங்கேயே இருப்பார்கள். ரயிலில் ஒரு வார்த்தை பேசவில்லை.

நவம்பர் 9, சனி

10.25க்குத்தான் கதவு திறந்தது. அங் மோ கியோவில் பாட்டி வீட்டுக்குப் போனவன். போன் எடுக்கவில்லை. மறைத்தால் அதுவும் தப்பு என்று நானே கண்காணிப்பு அதிகாரிக்குத் தகவல் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். “ஏன் லேட்டுன்னு சொன்னானா?”

நான் கேட்கவேயில்லை. உள்ளே வந்தவனிடம் மணியைக் காட்டிவிட்டு நேராகப் போனை எடுத்திருந்தேன்.

போய்க் கேட்டேன். ரயிலில் தூங்கிவிட்டானாம். இறங்க வேண்டிய யீஷூனைத் தாண்டி உட்லண்ட்ஸில்தான் விழித்தானாம், போனில் சார்ஜ் இல்லையாம். முழுக்க நம்பினேன் என்று சொல்லமாட்டேன். சோற்றைச் சூடாக்கிப் போட்டுவிட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தேன்.