கரண்ட் போனாலும் விண்டோஸ் போகாமல் லினக்ஸுக்கு இடம் பிரிக்க

மண்டபம், பாம்பன், தொண்டி பக்கம் வாடைக் காற்று பிடித்துவிட்டால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. விண்டோஸோடு லினக்ஸையும் ஏற்ற டிஸ்க்கைப் பிரிக்கிறவர்கள் முதலில் இதைத்தான் கணக்கில் வைக்க வேண்டும்.

பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்த பகுதியை, சுருக்குவது வேறு, நகர்த்துவது வேறு. வால் பக்கம் சுருக்கினால் கடைசியில் கிடக்கும் ஃபைல்கள் மட்டும் இடம் மாறும். தலைப் பக்கத்தை நகர்த்தினால் உள்ளே இருக்கிற மொத்த டேட்டாவையும் எடுத்து வேறிடத்தில் எழுதியாக வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் 200 ஜிபி நகர மணிக்கணக்காகும். பாதியில் கரண்ட் போனால் அந்தப் பார்ட்டிஷன் பெரும்பாலும் அவ்வளவுதான். அதனால் ஜிபார்ட்டெட் என்ற லினக்ஸ் பார்ட்டிஷன் புரோகிராமில் சி டிரைவின் இடது ஓரத்தில் கை வைக்காதீர்கள். சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். அதற்கு முன் முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் உட்காரவே வேண்டாம்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிரைவைச் சுருக்கும் ‘ஷ்ரிங்க் வால்யூம்’ கேட்கும் அளவு எம்பியில். 100 ஜிபி வேண்டுமென்றால் 102400. சி டிரைவில் 250 ஜிபி காலியாக இருந்தும் 12 ஜிபிக்கு மேல் சுருங்காது என்று சில நேரம் அடம்பிடிக்கும். நகர்த்த முடியாத ஃபைல் ஏதோ ஒன்று நடுவில் குந்தியிருக்கிறது என்று அர்த்தம்: ஹைபர்னேஷன் ஃபைல் (அணைக்கும்போது மெமரியில் இருப்பதைச் சேமிப்பது), பேஜ் ஃபைல் (மெமரி போதாதபோது உதவுவது), ரீஸ்டோர் பாயின்ட் (பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் எடுத்து வைப்பது). அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப்’ (powercfg /h off) கொடுத்தால் ஹைபர்னேஷன் ஃபைல் அழியும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்தே அணையும். அது அணைந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் முழுதாகப் படுக்காமல் கண்ணை மூடிக்கொண்டிருக்கும். லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டுமே விடும், கட்டாயப்படுத்தி எழுதினால் ஃபைல்கள் கெடலாம். பேஜ் ஃபைலையும், ரீஸ்டோர் பாயின்ட்களை எடுக்கும் சிஸ்டம் புரொடெக்ஷனையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, சுருக்கியபின் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீயைப் பேப்பரில் எழுதி வையுங்கள். லினக்ஸுக்காக செக்யூர் பூட்டை (கம்ப்யூட்டர் தொடங்கும்போது நம்பகமான சிஸ்டத்தை மட்டும் விடும் பயாஸ் அமைப்பு) மாற்றினால் விண்டோஸ் அதைத்தான் கேட்கும்.

சி டிரைவுக்கும் ரெக்கவரி பார்ட்டிஷனுக்கும் நடுவில் காலியிடம் வரும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அப்படியே விடுங்கள், லினக்ஸுக்கு அது போதும். இன்ஸ்டாலரில் மேனுவல் வழியை எடுத்து, அந்த இடம் முழுவதையும் எக்ஸ்ட்4 (ext4, லினக்ஸின் ஃபைல் முறை) ஆக்கி ‘/’ என்று கொடுங்கள். தொடங்குவதற்கான ஃபைல்களை விண்டோஸ் வைத்திருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் பெரும்பாலும் 100 எம்பிதான். அதை ‘/பூட்/ஈஎஃப்ஐ’ (/boot/efi) என்று காட்டினால் போதும். ஃபார்மேட் டிக் மட்டும் விழக் கூடாது, விழுந்தால் விண்டோஸின் பூட் ஃபைல்கள் காலி.

இன்ஸ்டால் பாதியில் ரீட் எரர் வந்தால் டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் ஸ்மார்ட் விவரத்தைப் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எண்களாகக் குறித்து வைப்பது) பாருங்கள். 199ஆம் எண் (டேட்டா வரும் வழியில் வந்த பிழைகள்) மட்டும் ஏறியிருந்தால் சந்தேகம் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் மீதும் அதன் முனை மீதும்தான். கடலோர வீட்டில் உப்புக்காற்று இந்த முனைகளைச் சும்மா விடாது. 5, 197ஆம் எண்கள் (டிஸ்க்கில் கெட்ட இடங்கள்) ஏறினால் டிஸ்க்கே போகிறது, அதில் எதையும் ஏற்றாதீர்கள்.

எல்லாம் முடிந்தபின் காலை 10 மணிக்கு விண்டோஸ் 4.30 காட்டினால் கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரியை மாற்ற ஓடாதீர்கள். லினக்ஸ் கடிகாரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) வைக்கிறது, விண்டோஸ் அதையே நம் நேரமாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ (timedatectl set-local-rtc 1) கொடுத்தால் ஐந்தரை மணி நேர வித்தியாசம் போய்விடும்.