சேர்ஜன் ஆக எத்தனை வருடம்?

பிள்ளையை சேர்ஜன் ஆக்க வேண்டும் என்று, உயர்தரம் படிக்கிற பிள்ளைகளை என்னிடம் கூட்டிக்கொண்டு வரும் தாய் தகப்பன் முதலில் கேட்பது இசட் புள்ளியைத்தான், அதாவது உயர்தரப் பெறுபேற்றில் இருந்து பல்கலைக்கழக அனுமதிக்குக் கணிக்கும் புள்ளியை. அது முக்கியம், மறுக்கவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்த ஐந்துக்குள் கிளிநொச்சி, முல்லைத்தீவு வரும். உயிரியலை உருப்போட்டுவிட்டுப் பௌதிகவியலில் கோட்டை விட்டவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். ஆனால் கம்பஸ் கிடைத்தவுடன் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் பொங்கிப் படைப்பார்களே, அதுதான் எனக்குச் சிரிப்பு.

கணக்குப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். ஐந்து வருடம், 1978இல் தொடங்கிய யாழ். மருத்துவ பீடத்தில்தான் நானும் படித்தேன். இறுதிப் பரீட்சை முடிந்தாலும் உள்ளகப் பயிற்சி நியமனம் வரும்வரை மாதக்கணக்கில் வீட்டில் இருக்க வேண்டும். ‘டொக்டருக்குப் படிச்சிட்டு ஏன் சும்மா இருக்கிறார்?’ என்று ஊர் கேட்கும். பிறகு ஆறு மாதம் ஒரு துறை, ஆறு மாதம் இன்னொன்று. அதற்குப் பின்னர்தான் மருத்துவ சபையில் முழுப் பதிவு. அப்புறம் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகமான பி.ஜி.ஐ.எம்., அங்கே எம்.டி. பரீட்சையின் முதற்பகுதி, ரெஜிஸ்ட்ரார் என்ற பயிற்சிப் பதவி, இரண்டாம் பகுதி, சீனியர் ரெஜிஸ்ட்ரார், வெளிநாட்டுப் பயிற்சி. நான் நிபுணராகத் திரும்பி வந்தபோது, கூடப் படித்த எஞ்சினியர் வீடு கட்டிக் குடிபுகுந்து பழசாகியிருந்தது.

மொழியையும் யாரும் யோசிப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் தமிழில் மருத்துவம் படிப்பித்த மண் இது. இன்றைக்கோ பிள்ளை இரசாயனத்தைத் தமிழில் படித்துவிட்டு உடற்கூற்றியலை ஆங்கிலத்தில் தொடங்குகிறது. தெற்கில் பயிற்சி என்றால் சிங்களமும் வேண்டும். பெறுபேறு வரும்வரை ஊர் சுற்றாமல் சிங்களம் படியுங்கள் என்றுதான் சொல்வேன்.

எனக்கு சேர்ஜரி பிடித்தது ஒப்பரேஷன் தியேட்டரில் அல்ல, நோயாளர் விடுதியில். இங்கே சத்திரசிகிச்சை விடுதி என்றால் நீரிழிவுக் கால்கள் இல்லாமல் இராது. காலில் உணர்வு இல்லை, முள் குத்தினது தெரியாது, விரல் கறுத்த பிறகுதான் வருவார்கள். அப்படி வந்த ஒரு ஐயாவின் புறங்காலில் எங்களுக்குப் படிப்பித்த நிபுணர், கன்சல்டன்ட் சேர், விரலை வைத்தார். துடிப்பு இல்லை. கணுக்காலுக்குப் பின்னால் பார்த்தார், அங்கேயும் இல்லை. முழங்காலின் பின்புறம்தான் கிடைத்தது. கால் போகப்போகிறது என்று எங்களுக்கு விளங்கிவிட்டது. ஐயா மட்டும், “மருந்து கட்டிப் பாக்கேலாதோ, தம்பி?” என்றார்.

சேர் கட்டில் ஓரத்தில் இருந்தார்.

“வீட்டில ஆர் இருக்கினம், ஐயா?”

“மனிசி மட்டும்தான். பிள்ளையள் கனடாவில.”

“கக்கூஸ் உள்ளுக்கோ, வெளியிலையோ?”

எங்களுக்கு அது விசித்திரமான கேள்வியாக இருந்தது. முற்றம் தாண்டிப் போய்க் குந்துகிற கக்கூஸ் என்றால் ஒற்றைக் காலோடு அவர் என்ன செய்வார்? ஜெய்ப்பூர் நிலையத்தில் செயற்கைக் கால் பொருத்தும்வரை யார் தூக்குவது? இதையெல்லாம் பேசி முடித்த பிறகுதான் சம்மதப் படிவம் வெளியே வந்தது. ஐயா தானே பேனையைக் கேட்டு வாங்கினார்.

முடிச்சுப் போடக் கதிரைக் காலில் நூலைக் கட்டிப் பழகலாம். ஒரு மாதத்தில் கை பழகிவிடும். இந்தப் பேச்சுக்கு அப்படிக் குறுக்குவழி இல்லை. நல்ல சேருக்குப் பின்னால் ரவுண்ட்ஸ் போக வேண்டும், அவ்வளவுதான்.

சேர்ஜரிதான் வேண்டுமா என்று தெரியாதவர்கள், தரவரிசை இடம் கொடுத்தால், உள்ளகப் பயிற்சியில் அதை எடுத்துப் பாருங்கள். நடுச்சாமத்தில் குடல்வால் கேஸுக்கு எழுப்பினால் எரிச்சல் வரும், எல்லோருக்கும் வரும். விடிந்ததும் அந்த நோயாளியின் கட்டிலுக்குத்தான் முதலில் கால் போகிறதா என்று கவனியுங்கள். போகாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. மயக்கமருந்து, கதிரியல் எல்லாம் நல்ல துறைகள். அங்கேயும் ஆள் தேவை.